மரத்துப்போகும் கைக்கு மூன்று மாதம் கொடுங்கள்

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பு நசுங்குவதால் கை மரத்துப்போகும் ஒரு நோய் இருக்கிறது. தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று பெயர். 1956இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பீட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் வைத்த பெயர் அது. அவர்கள் எழுதிய கட்டுரை அறுவைக் கத்தியைப் பற்றியதல்ல. ஓர் உடற்பயிற்சித் திட்டம் நோயாளிகளுக்கு எவ்வளவு பலன் தந்தது என்று பார்த்த கட்டுரை. இந்த நோய்க்குப் பெயரும் பயிற்சியும் ஒன்றாகத்தான் வந்தன. ஏறக்குறைய எழுபது ஆண்டு ஆகிவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கிற ஒரு பெண்ணுக்கு இன்னும் அந்தப் பெயரும் எட்டவில்லை, பயிற்சியும் எட்டவில்லை. எட்டியதெல்லாம் ஒரு கழுத்துப் பட்டை, ஒரு எம்ஆர்ஐ, ஒரு கவர் நிறைய வைட்டமின் மாத்திரை.

நான் பிசியோதெரபிஸ்ட். இருபது வருடத்துக்கும் மேலாக இந்த ஊரில்தான் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓவர்லாக், பிளாட்லாக் மிஷினில் உட்காருகிறவர்கள், செக்கிங் டேபிளில் நிற்கிறவர்கள், அயர்ன் பிடிக்கிறவர்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறவர்கள். கை மரத்துப்போவது இவர்களுக்கு ஒரு நோயே இல்லை. “தைக்கிற கைன்னா அப்படித்தானுங்க இருக்கும்” என்பார்கள். பீஸ் கீழே நழுவும்போதும், ராத்திரியில் தூக்கம் போகும்போதும்தான் கிளம்பி வருவார்கள். வரும்போது கையில் ஒரு ஃபைல் இருக்கும்.

அந்த ஃபைலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அதில் கழுத்து எம்ஆர்ஐ கட்டாயம் இருக்கும். ரிப்போர்ட்டில் “டிஸ்க் பல்ஜ்” என்ற சொல்லும் இருக்கும். அதைப் படித்துச் சொன்னவர் “ஜவ்வு விலகியிருக்கு” என்று சொல்லியிருப்பார். அன்றிலிருந்து அந்தப் பெண் குனிந்து குடம் தூக்கப் பயந்து, கழுத்தைத் திருப்பப் பயந்து, பட்டையோடே திரிவார். ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்தில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. 2015இல் வெளியான ஆய்வு அது. ஸ்கேனில் தெரிகிற பல்ஜ்தான் கையை மரக்க வைக்கிறது என்று ஃபைலைப் பார்த்த மாத்திரத்தில் முடிவுகட்ட முடியாது. மரப்பு எந்த விரலில், எந்த வேலையில், எந்த நேரத்தில் என்று கேட்டுத்தான் முடிவுகட்ட வேண்டும். அதற்கு அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணிக்கு யாரும் காசு தருவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு.

எங்கே நசுங்குகிறது?

கழுத்தெலும்பிலிருந்து கைக்கு வருகிற நரம்புகள் ஐந்து வேர்களாகப் புறப்பட்டு, பின்னிப் பிணைந்து, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நுழைந்து அக்குளுக்கு வருகின்றன. கைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும், திரும்ப எடுத்துப்போகும் சிரையும் அதே இடத்தைத்தான் கடக்க வேண்டும். குறுகலான ஒரு சந்தில் மூன்று வண்டிகள் போகிற கதை. நெரிசல் ஏற்படக்கூடிய இடங்கள் மூன்று. ஒன்று, கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்கேலீன் என்ற இரண்டு தசைகளுக்கு நடுவே. அடுத்தது, காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடையே. மூன்றாவது, தோளின் முன்பக்கம் பெக்டோராலிஸ் மைனர் என்ற சின்னத் தசைக்கு அடியில்.

எது நசுங்குகிறதோ அதைப் பொறுத்து நோய் மூன்று வகை. நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் நசுங்குவது நரம்புதான். சிரை நசுங்குவது குறைவு. தமனி நசுங்குவது மிகக் குறைவு.

ஏன் நசுங்குகிறது? சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தின் கடைசி எலும்பிலிருந்து கூடுதலாக ஒரு விலா முளைத்திருக்கும். கழுத்து விலா என்று சொல்லலாம். நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவாகத்தான் இருக்கும். பெண்களுக்குச் சற்று அதிகம். இருப்பவர்களில் பலருக்கு ஆயுசுக்கும் ஒரு தொந்தரவும் வராது. எலும்பாக இல்லாமல் வெறும் நாராக இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியவும் செய்யாது. இன்னும் சிலருக்கு விபத்து காரணம். பைக்கிலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்து, கூடிய இடத்தில் தடித்துப்போய் அடியில் இருக்கும் நரம்பை அழுத்தும். பின்னாலிருந்து வண்டி மோதிக் கழுத்து சவுக்கு மாதிரி வெட்டி இழுபட்டால் ஸ்கேலீன் தசை காயப்பட்டு இறுகும். இவையெல்லாம் மருத்துவப் புத்தகத்தில் இருக்கின்றன. என் அறைக்கு வருகிறவர்களிடம் இவற்றை விட அதிகமாகப் பார்ப்பது வேலையின் தடத்தைத்தான்.

ஓவர்லாக் மிஷினில் உட்காரும் ஒருவரைப் பாருங்கள். முதுகு சாயாத ஸ்டூல். டேபிளின் உயரம் கம்பெனி வாங்கியபோது இருந்த உயரம். அதில் ஐந்தடி உயரப் பெண்ணும் உட்காருகிறார், ஐந்தே முக்கால் அடி ஆணும் உட்காருகிறார். குள்ளமானவருக்கு முழங்கை டேபிளுக்கு எட்டத் தோளைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். இரண்டு கையும் முன்னால் நீண்டிருக்கும், தலை ஊசியை நோக்கி முன்னே நீளும். பண்டல் இடது பக்கம் தரையில். நூல் அறுந்தால் தலைக்கு மேலே இருக்கும் ஸ்டாண்டில் நூல் கோனைத் தேடிக் கை மேலே போகும். டார்கெட் ஏற ஏறத் தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறும். இப்படி மணிக்கணக்காக இருந்தால் முன்பக்கத் தசைகள் சுருங்கி இறுகுகின்றன, முதுகுப்பக்கத் தசைகள் ஓய்ந்துபோகின்றன. தோள்பட்டை எலும்பு முன்னால் கவிழ்ந்து சாய்கிறது. சந்து குறுகுகிறது.

வேலை முடிந்து போகிற வழியிலும் நெரிசல் தொடர்கிறது. தோளில் ஒற்றை வாரில் தொங்கும் பை காறை எலும்பைக் கீழே அழுத்தும். இறுக்கமான உள்ளாடைப் பட்டையும் அதையே செய்யும். வீட்டில் கையைத் தலைக்கு அடியில் மடக்கி வைத்துத் தூக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943இல், ஃபால்கனர், வெட்டல் என்ற இரு மருத்துவர்கள் காறை எலும்புக்கும் விலாவுக்கும் இடையே ஏற்படும் நசுக்கத்தைப் பற்றி எழுதினார்கள். முதுகில் கனத்த மூட்டை சுமந்து நடந்த சிப்பாய்களின் கைகளில் வந்த தொந்தரவைக் கவனித்து எழுதிய விஷயம் அது. சுமை மாறியிருக்கிறது. எலும்புகள் மாறவில்லை.

கண்டுபிடிப்பது எப்படி?

சென்ற வருடம் ஓர் ஓவர்லாக் டெய்லர் வந்தார். நாற்பதை ஒட்டிய வயது. “சுண்டு வெரலும் பக்கத்து வெரலும் ஜிவ்வுன்னு இருக்குதுங்க மேடம். துணி காயப்போடக் கை தூக்குனா கையே கனத்துப் போயிருதுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கறேன்.” மணிக்கட்டில் நரம்பு அழுந்தினால் பெரும்பாலும் கட்டை விரல், ஆள்காட்டி விரல் பக்கம்தான் மரக்கும். சுண்டு விரல் பக்கம் என்றால் முழங்கையிலோ, கழுத்தின் கீழ்வேரிலோ, நான் சொன்ன சந்திலோ கோளாறு இருக்க வேண்டும்.

அவரை உட்கார வைத்துச் சும்மா மூச்சு விடச் சொன்னேன். மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்புபோலத் தசைகள் விறைத்து எழுந்தன. வயிறு அசையவே இல்லை. ஸ்கேலீன் தசைகள் முதல் விலாவைப் பிடித்துத் தூக்குகிற தசைகள். ஓடி மூச்சு வாங்கும்போது அவை உதவிக்கு வருவது இயல்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவை இவ்வளவு விறைத்து வேலை செய்தால் விலா நாள் முழுக்க மேலேயே தூக்கிக்கொண்டு நிற்கும். காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழியில் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினேன். “அங்கதானுங்க, அங்கதானுங்க” என்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னேன். மூன்று நிமிடம் செய்ய வேண்டிய சோதனை அது. ஒரு நிமிடம் தாண்டுவதற்குள் வலது கை இறங்கிவிட்டது.

இந்த நோய்க்கு இது ஒன்றுதான் சோதனை என்று எதையும் காட்ட முடியாது. தலையைத் திருப்பி மூச்சை அடக்கி நாடி பார்க்கும் ஆட்சன் சோதனை பிரபலம். நோயே இல்லாத பலருக்கும் அதில் நாடி அடங்கும். நரம்பின் ஓட்டத்தை அளக்கும் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் இந்த நோய் உள்ள பலருக்கு நார்மல் என்றே வரும். நோயாளி சொல்வது, கை வைத்துப் பார்ப்பது, வேறு நோய் இல்லை என்று தள்ளுவது, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். கழுத்துக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே போதும், கழுத்து விலா இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பல ஃபைல்களில் எம்ஆர்ஐ இருக்கும், அந்த எக்ஸ்ரே இருக்காது.

வேறு நோய் இல்லை என்று தள்ளுவதில் நம் ஊரில் ஒன்றை மறக்கவே கூடாது. தொழுநோய். சுண்டு விரல் மரப்புடன் வருகிற எவருக்கும் முழங்கையின் உள்பக்கம் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன், உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் உண்டா என்று கேட்பேன். சர்க்கரை எவ்வளவு என்று கேட்பேன். புகைபிடிக்கும் வழக்கம் உள்ளவருக்குத் தோள் வலியும் சுண்டு விரல் பக்க மரப்பும் சேர்ந்து, கண் இமையும் தாழ்ந்திருந்தால் நுரையீரல் உச்சியில் கட்டி இருக்கலாம். அவர் என் மேஜையில் படுக்க வேண்டியவர் அல்ல.

இன்னும் இரண்டு வகையினருக்கு உடற்பயிற்சி சொல்லித் தருவதே தவறு. ஒருவர், திடீரென்று கை முழுதும் வீங்கி நீலம் பாய்ந்து வருகிறவர். பெரும்பாலும் இளைஞர், முந்தின நாள் வாலிபால் ஆடியிருப்பார் அல்லது ஜிம்மில் பாரம் தூக்கியிருப்பார். சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறது. 1875இல் லண்டனில் பேஜட்டும் 1884இல் வியன்னாவில் ஷ்ரோட்டரும் விவரித்த நிலை இது. உறைகட்டி நுரையீரலுக்குப் போகக்கூடும், அன்றே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மற்றவர், விரல்கள் சில்லிட்டு வெளுத்து, நுனியில் புண் வந்தவர். தமனியில் கோளாறு. இவருக்கும் ரத்தநாள அறுவை மருத்துவர்தான் வேண்டும். கட்டை விரலின் அடிச்சதை கண்ணுக்குத் தெரிய வற்றிப்போனவரையும் நான் என்னிடமே வைத்துக்கொள்வதில்லை. எதைத் தொடக் கூடாது என்று தெரிந்திருந்தால்தான் மற்றதைத் தைரியமாகத் தொடலாம்.

பயிற்சி என்றால் என்ன?

மீதியுள்ள பெரும்பான்மைக்கு, அதாவது நரம்பு மட்டும் நசுங்கிச் சதை வற்றாதவர்களுக்கு, முதல் சிகிச்சை கத்தி அல்ல என்பதில் உலகம் முழுக்க மருத்துவர்கள் ஒத்துப்போகிறார்கள். சண்டை எல்லாம் எத்தனை நாள் என்பதில்தான். குறைந்தது மூன்று மாதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

மூன்று மாதம் என்ன செய்வது? நம் ஊரில் பிசியோதெரபி என்றால் “கரண்ட் வைக்கிறது” என்று பெயராகிவிட்டது. பத்து நாள் கரண்ட், பத்து நாள் கழுத்துக்கு இழுவை, முடிந்தது. இந்தப் பெயரை எங்கள் தொழிலே சம்பாதித்துக்கொண்டது. மிஷினை வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போகலாம், ஒரே நேரத்தில் ஐந்து பேரைப் படுக்கவைக்கலாம். ஆனால் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் நரம்பை இழுவை இன்னும் இழுக்கும். கழுத்துப் பட்டை தசைகளை இன்னும் சோம்பலாக்கும். கரண்ட் வைத்த நேரத்துக்கு வலி குறையலாம், குறுகிய சந்து அதனால் அகலாது.

அகல வைக்கும் வழி இது. முதல் சில வாரம் சமாதானம். கையைத் தலைக்கு மேல் தூக்கும் வேலையைக் குறைப்பது, பையைத் தோளிலிருந்து இறக்குவது, படுக்கும்போது கைக்கு அடியில் தலையணை கொடுத்துத் தோளைத் தாங்குவது. நரம்பு வலிக்கான மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தால் இந்தக் கட்டத்தில் உதவும். கூடவே மூச்சு. மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைத்து, கழுத்து அசையாமல் வயிறு மட்டும் ஏறி இறங்க மூச்சு விடப் பழக வேண்டும். அந்த ஓவர்லாக் டெய்லருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது, “இதுக்கா பஸ் ஏறி வந்தேன்?” என்பதுபோலத்தான் பார்த்தார். நாள் முழுக்க விலாவைத் தூக்கிப் பிடிக்கும் தசைக்கு ஓய்வு கொடுக்க எனக்குத் தெரிந்து இதை விட நல்ல வழி இல்லை.

எரிச்சல் அடங்கிய பிறகு நீட்சிப் பயிற்சி. கழுத்தின் பக்கத் தசையையும் நெஞ்சின் முன்தசையையும் மெதுவாக நீட்டுவது. நரம்பை நகர்த்தும் பயிற்சியும் உண்டு. அதில் இழுத்து நிறுத்தக் கூடாது, நரம்பு அதன் உறைக்குள் முன்னும் பின்னும் வழுக்கிப் போக வேண்டும். மரப்பு வந்தால் பயிற்சி அதிகம் என்று பொருள். அதற்கும் பிறகுதான் பலம். தோள்பட்டை எலும்பை முதுகோடு பிடித்து நிறுத்தும் ட்ரபீசியஸின் கீழ்ப்பகுதி, செரேட்டஸ் ஆன்டீரியர் ஆகிய தசைகளுக்குக் குறைந்த பாரத்தில் வேலை கொடுப்பது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற எளிய பயிற்சிகள் போதும். டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்குவது கூடவே கூடாது.

இங்கே ஒரு பொதுவான தப்பு நடக்கிறது. “நெஞ்சை நிமிர்த்து, தோளைப் பின்னால் இழுத்துக் கீழே இறக்கு” என்று மொபைலில் வருகிற வீடியோக்கள் எல்லாம் சொல்கின்றன. ராணுவ வீரன் நிற்கும் நிலை அது. காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடையே நசுக்கம் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் நோயாளியை நிறுத்துகிற நிலையும் அதுவேதான். அப்படி நின்றால் சந்து இன்னும் குறுகும். ஏற்கெனவே தோள் சரிந்து தொங்குகிறவர் அதை மேலும் கீழே இறக்கினால் நரம்பு கம்பியாக இழுபடும். அவருக்குத் தோளைச் சற்று ஏந்திப் பிடிக்கத்தான் சொல்லித்தர வேண்டும். ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு வினையாகும் நோய் இது. நகல் எடுத்து நீட்டும் பயிற்சித்தாள் இதற்கு ஆகாது. வாரம் ஒரு முறையாவது ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும்.

எல்லாருக்கும் சரியாகுமா? ஆகாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2014 மதிப்பாய்வு, இந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை மேல் என்று உறுதியாகச் சொல்லத் தரமான ஆதாரம் போதவில்லை என்றது. ஸ்கேலீன் தசையில் போட்டாக்ஸ் ஊசி போட்டுப் பார்த்த கனடா ஆய்வு 2011இல் வெளிவந்தது, குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. அறுவைச் சிகிச்சைக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1861இலேயே லண்டனில் ஹோம்ஸ் கூட் என்பவர் கழுத்து விலாவை வெட்டி எடுத்தார். 1966இல் டேவிட் ரூஸ் என்ற அறுவை மருத்துவர் அக்குள் வழியாக முதல் விலாவை எடுக்கும் முறையை எழுதிய பிறகு அந்த அறுவை வேகமாகப் பரவியது. நெதர்லாந்தில் 50 பேரை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்வு, பயிற்சியால் குணமாகாதவர்களை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு அறுவை செய்து, மற்றதுக்குப் பயிற்சியையே தொடர்ந்தது. மூன்று மாதத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தெளிவாகத் தேறியிருந்தார்கள். எனவே பயிற்சியே எல்லாம் என்று பிடிவாதம் பிடிக்க நான் வரவில்லை. அந்த ஐம்பது பேரும் முதலில் முறையான பயிற்சியை முழுதாகச் செய்து பார்த்தவர்கள் என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன். நம் ஊரில் “பிசியோ பண்ணியும் கேக்கல” என்று ஃபைலில் எழுதப்படுவது பத்து நாள் கரண்டைத்தான். தோற்றது சிகிச்சை அல்ல, சிகிச்சையே தொடங்கவில்லை.

முறையாகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் மார்க்கெல் ஃபுல்ட்ஸ். 2017இல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். பந்தைக் கூடையை நோக்கி எறியவே கை வராமல் போனது. மனக்கோளாறு என்று கூடப் பேசினார்கள். 2018 டிசம்பரில் நரம்பு வகைத் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று தெரிந்தது. அறுவை இல்லாமல் பிசியோதெரபியே பரிந்துரைக்கப்பட்டது. 2019 அக்டோபரில் ஆர்லாண்டோ மேஜிக் அணிக்காக ஆடத் தொடங்கினார். அவருக்கு அந்தப் பத்து மாதம் கிடைத்தது. சம்பளம் நிற்கவில்லை, பார்க்க ஆள் இருந்தது.

அந்த நேரத்தை யார் தருவது?

என் ஓவர்லாக் டெய்லருக்கு என்ன இருக்கிறது? இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவரிடம் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் பிடிக்கிறார்கள். நோய்வாய்ப்பட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தரச் சட்டம் இருக்கிறது. 91 நாள் என்பது மூன்று மாதம். இந்த நோய்க்கென்றே அளந்து வைத்த மாதிரி ஒரு சலுகை. ஆனால் அதற்கு மருத்துவர் சான்று தர வேண்டும். சான்று தர ரிப்போர்ட்டில் ஏதாவது தெரிய வேண்டும். இந்த நோயில் நரம்பு ரிப்போர்ட் பலருக்கு நார்மல் என்றே வரும். “எல்லாம் நல்லாத்தான் இருக்குது, வேலைக்குப் போம்மா” என்று அனுப்பிவிடுவார்கள். பவர் டேபிளில் காண்ட்ராக்ட்டுக்குத் தைக்கிறவர்களில் பலருக்கு அந்த இஎஸ்ஐயும் கிடையாது, பீஸ் ரேட்தான். அரை நாள் லீவு போட்டு வந்தால் அரை நாள் கூலி போகும். தனியார் காப்பீடு பொதுவாக ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் தரும், வந்து போகிற பயிற்சிக்குத் தராது. விலாவை வெட்டி எடுத்தால் காசு வரும். வெட்டாமல் இருக்க வழிசெய்தால் வராது.

நேரம் மட்டும் போதாது, உட்காருகிற இடமும் மாற வேண்டும். பனியன் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு பையர்களின் ஆடிட் வரும். மிஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்தப் பண்டல் முழுவதையும் மெட்டல் டிடெக்டரில் ஓட்டுவார்கள். வாங்கிப் போடுகிற குழந்தைக்கு ஊசி குத்திவிடக் கூடாது என்கிற அக்கறை அது. நல்ல அக்கறை. அந்த நோட்டை இவ்வளவு பத்திரமாக வைக்கத் தெரிந்த ஊருக்கு ஸ்டூலின் உயரத்தைக் குறித்து வைக்கத் தெரியாதா? உயரம் மாற்றக்கூடிய முதுகுச்சாய்வு ஸ்டூல், பண்டலைத் தரையில் போடாமல் இடுப்பு உயரத்தில் வைக்க ஒரு பெஞ்ச், நூல் ஸ்டாண்டைக் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறக்குவது, இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்து நிற்க ஐந்து நிமிடம். இதில் எதுவும் ராக்கெட் விடுகிற வேலையில்லை.

அந்த டெய்லர் வேலை பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர் ஓரளவு காது கொடுத்துக் கேட்டார். டெய்லரின் ஸ்டூலை உயர்த்தி, பண்டலைப் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் வைக்கச் சொன்னோம். கொஞ்ச நாள் ஓவர்டைம் வேண்டாம் என்று விட்டார்கள். பயிற்சியை அவர் காலையில் சமையல் முடித்து ஒரு தரம், இரவு படுக்கும் முன் ஒரு தரம் விடாமல் செய்தார். மூன்றாம் மாதம் முடிந்தபோது ராத்திரியில் எழுந்து உட்காருவது நின்றிருந்தது. துணி காயப்போட முடிந்தது. ஷிப்மென்ட் நெருக்கடியில் இன்னும் லேசாக மரக்கிறது என்கிறார். முழுக்கச் சரியாகிவிட்டது என்று நானும் சொல்ல மாட்டேன். அதே பயிற்சியைச் சொல்லி அனுப்பி, கம்பெனியில் எதுவும் மாறாத இன்னொரு பெண்ணுக்கு ஒரு முன்னேற்றமும் இல்லை. காலையில் அவிழ்த்த முடிச்சை அவர் வேலையில் போய் மறுபடி போட்டுக்கொண்டார். ஸ்டூலும் சிகிச்சையில் சேர்த்திதான்.

கேட்பது மூன்று. இஎஸ்ஐ மருத்துவர்கள் நோயாளியின் சொல்லையும் கைப் பரிசோதனையையும் வைத்தே இந்த நோய்க்குச் சான்று தர வழிகாட்டு நெறி வேண்டும். முழு விடுப்புதான் என்றில்லை. மூன்று மாதத்துக்கு ஓவர்டைம் இல்லாத, கை தூக்காத இலகு வேலை என்று எழுதித் தந்தாலே போதும். கம்பெனி அதை மதிக்க வேண்டும் என்று விதி இருக்க வேண்டும்.

இரண்டாவது, பிசியோதெரபி தொழிலாளியைத் தேடிப் போக வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய் பிசியோதெரபி தரும் ஏற்பாடு இருக்கிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு அது பெரிய வரம். தொழிற்கூடங்களுக்கே போய்ச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்கும் வேலையும் நடக்கிறது. பிரஷர் பார்க்கப் போகும் குழுவில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டையும் சேருங்கள். மாதம் ஒரு நாள் லைனில் நடந்து வந்தாலே யாருடைய தோள் காதுக்குப் போயிருக்கிறது என்று கண்ணில் படும். படுக்கையில் விழுந்தபின் தேடிப் போவதை விட இது மலிவு.

மூன்றாவது எங்களுக்கு. முறையாகப் பயிற்சி தந்த நாள் எத்தனை, எந்தப் பயிற்சி, எவ்வளவு முன்னேற்றம் என்று எழுதித் தராமல் “பிசியோவில் கேட்கவில்லை” என்று யாரும் நோயாளியை அறுவைக்கு அனுப்பக் கூடாது. அப்படி எழுதித் தந்தால் அறுவை மருத்துவருக்கும் யாரைத் தொடலாம் என்பது தெளிவாகும். கரண்ட் வைத்த கணக்கை பிசியோதெரபிக் கணக்கில் எழுதுவதை நாம் முதலில் நிறுத்துவோம்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ சுண்டு விரல் பக்கம் மரத்து, கை தூக்கினால் கனத்தால், பட்டை வாங்கும் முன் “காறை எலும்புக்கு மேலே அழுத்திப் பார்த்தீர்களா?” என்று மருத்துவரைக் கேளுங்கள். கை வீங்கி நீலமானால் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலாளியாக இருந்தால் நாளை காலை லைனில் ஒரு சுற்று நடந்து, டேபிளுக்கு எட்டத் தோளைத் தூக்கிக்கொண்டு தைப்பவர் யார் என்று பாருங்கள். அரசில் இருப்பவரானால், சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற அந்த 91 நாளை இவர்களுக்குத் திறந்துவிடுங்கள். புதிதாகப் பணம் ஒதுக்கக் கூடச் சொல்லவில்லை. தொழிலாளி மாதாமாதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.